நீ வரவிருக்கும் வீட்டின் தண்ணீர்

கண்ணு,

நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் சிறிதும் இல்லை. கழிவுநீர் கலந்ததற்கு அடையாளமான கோலிஃபார்ம் கிருமிகள் இருக்கின்றன. திங்கட்கிழமை நம் வாசலில் பிடித்துச் சென்ற மாதிரியின் ஆய்வக முடிவு இது. இன்று புதன்கிழமை காலை, பகுதிக் குடிநீர் அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் தெருவுக்கே வந்து அந்தத் தாளை என்னிடம் காட்டினார். நான் வாங்கி இரண்டு முறை படித்தேன். பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீ தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவதாக இருந்தது. திங்கட்கிழமை மாலை உன்னைப் போனில் கூப்பிட்டு, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், பெயிண்ட் வாடை உனக்கு ஆகாது, கொஞ்சம் தள்ளி வா என்று சொன்னேன். அது பொய். நேற்று அம்மா உன்னிடம் பேசும்போது இருமியதற்குச் சளி என்று சொன்னேனே, அதுவும் பொய். முதல் பொய்யைக் கேட்டு நீ, "நைனா, அப்போ நான் வர வேணாமா?" என்று கேட்டாய். உன் மாமியார் பின்னாலிருந்து, "பொறந்த வூட்ல செவுத்துக்கு வெள்ளையடிக்கிறாங்களா, உனக்கே பட்டை நாமம் அடிக்கிறாங்களா?" என்று சிரித்தது எனக்கும் கேட்டது. அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது கேலியாகப் படவில்லை. வாழ்நாள் முழுக்கச் செய்தி எழுதியவன், உறுதியாகாததை எழுதாதே என்று இளையவர்களைத் திட்டியவன், பெற்ற பெண்ணிடம் உறுதியாகத் தெரிந்த ஒன்றை மறைத்தேன். இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். நான் வேலை பார்த்த பத்திரிகையிலேயே வெளியிடக் கொடுத்திருக்கிறேன். ஏனென்றால் இது உன்னோடு முடிகிற விஷயமில்லை, நம் தெருவும் படிக்க வேண்டும்.

வளைகாப்பு முடிந்து ஓசூரிலிருந்து நானும் அம்மாவும் திரும்பிய வாரத்திலிருந்து சொல்கிறேன். ரயிலிலேயே அம்மா கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பெற்றவள் குளிக்கத் தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர், ஒரு நாளைக்கு எத்தனை துணி நனையுமோ அத்தனைக்கும் தண்ணீர். வாசலில் இருந்த அடிபம்பை அவளால் இப்போதெல்லாம் அடிக்க முடிவதில்லை, தோள்பட்டை வலிக்கிறது. நான் அடித்தால் ஒரு குடத்துக்குள் மூச்சு வாங்குகிறது. "எதிர்வூட்டு குமாரு மோட்டாரு போட்டுகினு ஜாலியா குந்திகினு கீறான். நீ மட்டும் இன்னாத்துக்கு நாயம் பேசிகினு கீற? எம்பொண்ணு வந்து பம்பு அடிப்பாளா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. பதில் எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் தப்பு.

திருவொற்றியூரில் நம் தெருவுக்குத் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. விடியற்காலையில் வரும், சற்று நேரத்தில் நின்றுவிடும். தண்ணீர் நிற்கும்போது மண்ணுக்கடியில் குழாய் காலியாகக் கிடக்கிறது. வரும்போதும் அழுத்தம் குறைவு. அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் மோட்டாரை நேராகக் குழாயில் பொருத்தி உறிஞ்சினால், குழாய்க்குள் இருப்பது மட்டும் வராது. வழியில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே வெளியில் தேங்கி நிற்பதும் உள்ளே இழுக்கப்படும். நம் பக்கத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே குறுகலான தெருவில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன, ஆகவே வெளியில் தேங்கி நிற்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை. இதை நான் எத்தனையோ தடவை செய்தியாக எழுதியிருக்கிறேன். மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள் என்று கடைசி வரியில் தவறாமல் சேர்ப்பேன்.

அப்படி எழுதியவன் ஒரு மோட்டார் வாங்கி வந்தேன். பிளம்பர் அடிபம்பைக் கழற்றினார். வாசல் கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலேயே தோண்டிக் குழாயை வெட்டினார். அளவு சரியாக வராததால் நடுவில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். "இப்போதிக்கு ஓடும் சார். அப்பால வந்து ஒயுங்கா பண்ணிக் குடுத்துடறேன்" என்றார். அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மழை பெய்து அந்தத் தொட்டி வாய்வரை நிரம்பி நின்ற நாட்களிலும், அந்தக் கம்பிக்கட்டு அதன் கசிவில்தான் முழுகிக் கிடக்கிறது என்று தெரிந்தும் கூப்பிடவில்லை. மோட்டார் நன்றாக ஓடியது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியது. அம்மா முதன்முறையாக விடிகாலையில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

தெருவின் கடைசி வீடு தேசம்மாவுடையது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வறுத்த நெத்திலிக்காகப் பள்ளிக்கூடப் பையோடு நீ போய் உட்கார்ந்த வீடு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள், கணவன் இல்லை, மகன் சேகர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நம் மோட்டார் வந்த மறுவாரம் ஒரு நாள் காலையில் அவள் கூடையோடு நம் வாசலில் நின்றாள். "இன்னா ரிப்போட்டரே, உங்கூட்டு மோட்டாரு பாட்டுப் பாடுது, எங்கூட்டுப் பைப்பு ஆஸ்துமா வந்த மாரி மூச்சு வாங்குது. தொறந்தா காத்துதான் வருது. அத்த புடிச்சி கொயம்பு வெக்கட்டுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினேன், அன்றைக்கு மட்டும்.

அவள் சொன்ன காற்றில்தான் விஷயம் இருந்தது. குழாய் காற்றை இழுக்கிறது என்றால் அழுத்தம் இல்லை என்று பொருள். தெருவின் முன்பக்க வீடுகளில் நான்கைந்து மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது குழாய் வறண்டு, நம் ரப்பர் துண்டு வழியாகச் சாக்கடையை உள்ளே வாங்கியிருக்க வேண்டும். மோட்டார்கள் நின்றபின் மெதுவாக ஊர்ந்து வரும் கடைசித் தண்ணீர் அதையும் சேர்த்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போகும். தேசம்மா அதைத்தான் பிடித்தாள். "வாங்கியிருக்க வேண்டும்" என்று எழுதுகிறேனே தவிர, "வாங்கியது" என்று எழுதவில்லை. அதற்கு நாளை தோண்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன் சேகருக்குக் காய்ச்சலும் வாந்தியும். பிறகு கண் மஞ்சளாயிற்று. அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். பார்க்கப் போனேன். படுக்கையில் கிடந்தவன், "தாத்தாவாவப் போறீங்களாமே நைனா, கறிசோறு உண்டா?" என்று கேட்டான், எழுந்து உட்கார முடியாமல். எங்கள் தண்ணீரால்தான் அவனுக்கு வந்தது என்று நான் எழுத முடியாது. லாரியோடு மீஞ்சூர், எண்ணூர் என்று போகிறவன், எங்கெங்கோ சாப்பிடுகிறவன். கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று, இரண்டாம் முறை போனபோது வார்டு மருத்துவர் சொன்னார். நான் மோட்டார் வைத்த நாளிலிருந்து மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். பொருந்தியது. அப்புறம் அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். தண்ணீரால் பரவும் காமாலையில் ஒரு வகை உண்டு, ஆரோக்கியமானவர்களை வாட்டிவிட்டுப் போய்விடும், ஆனால் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்து. சேகருக்கு எந்த வகை என்று ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அவருக்கு என் வீட்டில் யார் வரப்போகிறார்கள் என்று தெரியாது.

அதற்கப்புறம்தான் குடிநீர் அலுவலகத்துக்குப் போனேன். திங்கட்கிழமை காலை தண்ணீர் வந்ததும் பொறியாளரும் ஓர் ஊழியரும் வந்தார்கள். சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். குழாயின் கடைசிவரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. தெருமுனைக் குழாயில் நல்ல மஞ்சள் வந்தது. எதிர்வீட்டு குமார் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, தண்ணிக்கு சுகரா?" என்றார். நம் வீட்டில் நிறம் மாறவில்லை. இன்னும் ஒரு முறை பிடித்தார்கள், மாறவில்லை. தேசம்மா வீட்டில் சோதிக்கத் தண்ணீரே வரவில்லை. அனுப்பும் இடத்தில் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், தெருமுனைவரை வந்தும் இருக்கிறது. அங்கிருந்து நம் வாசலுக்குள் அது செலவாகிப் போயிருக்கிறது. அழுக்கோடு மோதினால் குளோரின் தீர்ந்துவிடும், அதன் வேலையே அதுதான். பொறியாளர் மோட்டாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எழுதுனத படிச்சிருக்கேன் சார்" என்றார். மோட்டாரை அப்போதே கழற்றினேன். அன்று மாலைதான் உனக்குப் போன் செய்தேன். வெள்ளையடிக்கிறோம் என்றேன்.

அம்மாவின் இருமலைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நான் வேகமாகச் சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினேன். கடையிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து வாசல்படியில் வைத்துவிட்டு, "தண்ணீர்த் தொட்டியைச் சுத்தமாகக் கழுவி இதைப் போடு" என்று அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை, சேகரைப் பார்க்க மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டேன். அவள் தொட்டியில் பச்சையாகப் படிந்திருந்த பாசி போக, கக்கூஸுக்கு ஊற்றும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறாள். அது அங்கே தேங்கி நிற்கும்போதே மேலே பவுடரைக் கொட்டியிருக்கிறாள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் கிளம்புவது விஷவாயு. தொட்டிக்குள் குனிந்திருந்தவள் முகத்தில் அது அடித்தது. அந்த வழியாக மீன்கூடையோடு வந்த தேசம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அம்மாவைத் தோளோடு அணைத்துத் தெருவுக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். முகத்தில் தண்ணீர் அடித்து, யாரையும் வீட்டுக்குள் விடாமல் வாசலில் நின்றிருக்கிறாள். அக்கம்பக்கத்தார் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு நான் போய்ப் பார்த்தபோது அம்மாவுக்குக் கண் சிவந்திருந்தது, மூச்சுக்கு மருந்து வைத்திருந்தார்கள். மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருமல் மட்டும் மிச்சமிருக்கிறது, குறைந்துகொண்டிருக்கிறது. தேசம்மா முன்னால் போய் நின்றேன். "சொம்மா மொறைச்சிகினு நிக்காத. ரோட்ல கொட்டுன மீனு பூனை துன்னுட்ச்சி, அதுக்கு யாரு பதிலு சொல்றது?" என்றாள். மகன் படுத்திருக்கும் நேரத்தில் அவளால் அப்படிப் பேச முடிகிறது. என் கம்பிக்கட்டைப் பற்றி அவளிடம் நான் அப்போது வாய் திறக்கவில்லை. இன்று காலை முடிவு வந்ததும் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பொண்ணுக்கு சொல்ட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "மொதல்ல அத்த பண்ணு" என்றாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

நீ கேட்கப்போவது தெரியும்: கேன் தண்ணீர் வாங்கலாமே, கொதிக்கவைத்துக் குடிக்கலாமே நைனா. குடிப்பதற்குச் சரி. பொங்கிக் கொதித்த தண்ணீர் பாதுகாப்பானது. ஆனால் நீ பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது குழாய்த் தண்ணீர். பச்சையாகச் சாப்பிடும் பழத்தைக் கழுவுவது அது. தட்டு, டம்ளர், நாளைக்குக் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சங்கு, எல்லாம் அதில்தான் கழுவப்படும். அம்மா எச்சரிக்கையாக இருப்பாள், ஆனால் எந்நேரமும் எச்சரிக்கையாக இருக்க யாராலும் முடியாது. நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று அம்மா அகலமான அண்டாவில் பிடித்து மூடாமல் வைப்பாள், வாடை போனபிறகுதான் குடிக்கக் கொடுப்பாள். நாம் எல்லோரும் அதை ருசியான தண்ணீர் என்று குடித்தோம். வாடை போனது என்றால் காவல் போனது என்று பொருள். அதன்பிறகு கையோடு சொம்பை உள்ளே விட்டு மொள்ளும் ஒவ்வொரு முறையும் நாமே கிருமியைச் சேர்க்கிறோம்.

இதில் சிலது ஓசூரில் உனக்கும் பயன்படும். குழாய் வரும் நேரத்தில் முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்காதே, தெளியும்வரை ஓடவிட்டு அதைச் செடிக்கோ தரை கழுவவோ வைத்துக்கொள். கலங்கிய தண்ணீரில் நேராகக் குளோரின் போட்டால் மருந்து அழுக்கிலேயே தீர்ந்துவிடும், முதலில் துணியில் வடிகட்டித் தெளியவை. குளோரின் மாத்திரை போட்டால் எத்தனை லிட்டருக்கு என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் போடு, கலக்கி மூடி வை, அரைமணி நேரமாவது போகட்டும். அதிகம் போட்டால் அதிகம் பாதுகாப்பு என்று நினைக்காதே. தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள், தனி பிளாஸ்டிக் வாளியில் காற்றோட்டமான இடத்தில் கரைத்து, அடியில் மண்டி தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது. ஆசிட்டோ வேறெந்தக் கழுவும் மருந்தோ அதன் அருகிலேயே வரக்கூடாது. இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவிடம் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மோட்டாரைக் கழற்றச் சொல்லி இன்று ஒவ்வொரு வீடாகப் போனேன். இரண்டு வீட்டார் கழற்றுவதாகச் சொன்னார்கள். குமார் தன் வாசலில் நின்று, "நீ கயட்டுனது சரி நைனா. உம்பொண்ணு வர்றதுக்குன்னு போட்ட, உம்பொண்ணுக்கு ஆவாதுன்னு கயட்டுன. நடுவுல தேசம்மா வூடு உன் கண்ணுக்குத் தெரியலியே?" என்றார். அவர் மோட்டாரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் உண்மை. உனக்கு ஆபத்து என்று மருத்துவர் வாயிலிருந்து வந்தபிறகுதான் நான் அலுவலகத்துக்குப் போனேன். அதற்கு முன் சேகர் கண் மஞ்சளாகிப் படுத்திருந்தான், நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் குழந்தைக்கு நான் செய்யவிருந்த தவறு ஒன்று, இன்னொருத்தி பிள்ளைக்கு நான் செய்திருக்கக்கூடிய தவறு ஒன்று. இரண்டும் ஒரே குழாயில்தான் ஓடின. எனக்கு மட்டும் அவை தனித்தனியாகத் தெரிந்தன.

இனி உறுதியாக வேண்டியவை. நாளை வியாழன் காலை நம் வாசலில் தோண்டி அந்த ரப்பர் துண்டை எடுத்துவிட்டு, கழிவுநீர்த் தொட்டியை விட்டுத் தள்ளிப் புது இணைப்புக் கொடுப்பார்கள். சாக்கடை உள்ளே போனது அந்த வழியாகத்தானா என்று அப்போது தெரியும். வெள்ளிக்கிழமை குழாயைக் கூடுதல் குளோரினால் கழுவிவிட்டு, மறுநாள் காலைத் தண்ணீரில் இரண்டு வீடுகளில் மாதிரி எடுப்பதாகப் பொறியாளர் சொல்லியிருக்கிறார், நம் வீட்டிலும் தேசம்மா வீட்டிலும். சேகரின் ரத்தப் பரிசோதனை முடிவு சனிக்கிழமை வரும் என்கிறார்கள். குமார் மோட்டாரைக் கழற்றுவதாக இன்னும் சொல்லவில்லை. தண்ணீர் மாதிரிகளின் முடிவு அடுத்த திங்கள் மாலை.

அடுத்த வாரக் கடைசிக்குப் பிறகு நீ பயணம் செய்யக்கூடாது என்று உன் மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே திங்கட்கிழமை முடிவுதான் கடைசி. இரண்டு வீட்டிலும் குளோரின் இருந்து கிருமி இல்லை என்று வந்தால், செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையோடு கிளம்பி வா. நம் வீட்டில் சரியாகி, தேசம்மா வீட்டில் சரியாகவில்லை என்று வந்தால் வராதே. கடைசி வீட்டில் இல்லாத பாதுகாப்பு நம் வீட்டில் இருப்பதாக நான் இனி யாருக்கும் சொல்ல மாட்டேன், உனக்கும். அப்படியானால் அம்மா ஓசூருக்கு வருவாள். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து பிரசவம் பார்க்கிற வழக்கம் எங்கேயாவது உண்டா என்று நேற்றுவரை கேட்டுக்கொண்டிருந்தவள், இன்று காலை முடிவைக் கேட்டபின் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்துவிட்டாள். உன் மாமியாரிடம் நானே பேசுகிறேன்.

நீ வருகிறாயா, அம்மா வருகிறாளா என்பது திங்கள் மாலை தெரியும்.

உன் நைனா